கொத்தனாரும் நானும் ஒரு ஏ1 தாளும்



இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம். என் தம்பி மகன் நடத்தும் பிளான் போடும் கடையில் மாலை நேரங்களில் போய் உட்கார்ந்திருந்தேன். "டீச்சர் இந்த வயசுல கம்ப்யூட்டர் படிக்கிறாங்களாம்" என்று தெருவில் பேச்சு. நான் படிக்கப் போகவில்லை, ஒரு வழக்கைத் தீர்க்கப் போனேன். கதை கொஞ்சம் நீளம். கட்டட வேலையில் இருக்கும் பிள்ளைகளும், வீடு கட்டிக்கொண்டிருக்கும் உறவுகளும் முழுதாக வாசியுங்கள். மற்றவர்கள் நடுவில் எழுந்து காபி குடித்துவிட்டு வரலாம்.

ஆனி மாதம், சாரல் தொடங்கி நாலைந்து நாள் இருக்கும். சாயங்காலம் வாசலில் ஒரு டூவீலர் வந்து நின்றது. இறங்கியவன் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவன். எட்டாவதோடு நிறுத்திவிட்டுக் கையாளாகப் போனவன், இன்றைக்குப் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் கொத்தனார். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் போடவில்லை. ஒரு கையில் பாலித்தீன் பை சுற்றிய பிளான் சுருள், இன்னொரு கையில் ஓரடி எஃகு ஸ்கேல்.

"டீச்சர், ஒரு சந்தேகம். நீங்கதான் சொல்லணும்" என்றான். தலை பாதி நரைத்த ஆள், வகுப்பில் எழுந்து நிற்பது போலவே நின்றான்.

திண்ணையில் தாளை விரித்து நாலு மூலையிலும் டம்ளரைக் கவிழ்த்து வைத்தோம். ஏ1 தாள். ஓரத்தில் அளவுத்திட்டம் 1:100 என்று போட்டிருந்தது. அறைகளுக்கெல்லாம் அளவு எழுதியிருந்தது. வீட்டுக்காரர் பின்னால் கேட்டதால் சேர்த்த மாடிப்படியின் இரண்டு பில்லர்களுக்கு மட்டும், பின்பக்கக் காம்பவுண்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. இவன் என்ன செய்தான்? ஸ்கேலை வைத்து அளந்தான். 48 மில்லிமீட்டர். 1:100 என்றால் 4.80 மீட்டர். அந்த இடத்தில் குழி தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட்டும் போட்டுவிட்டான். மூன்றாம் நாள் எஞ்சினியர் வந்து நூல் பிடித்துப் பார்த்தபோது மாடிப்படிக்கு இருபது சென்டிமீட்டர் இடம் இல்லை. பில்லர் நிற்க வேண்டிய இடம் 5.00 மீட்டர்.

இரண்டு ஃபுட்டிங்கையும் உடைத்தெடுத்து மறுபடி போட்டதில் 22,000 ரூபாய். லேபர் கான்ட்ராக்ட் ஆள், அவன் கைக்காசு. காசை விட அவனுக்கு வலித்தது வேறு. ஸ்கேல் பார்க்கத் தெரியாத கொத்தனார் என்று வீட்டுக்காரர் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

"நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரிதானே டீச்சர் பார்த்தேன்? மேப்புல ஸ்கேலை வை, வர்றதைப் பெருக்குன்னு. எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுங்க."

முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய பாடத்துக்கு இப்போது கணக்குக் கேட்கிறான். ஸ்கேலை வாங்கினேன். பில்லரைத் தொடவில்லை. அளவு எழுதியிருக்கும் ஓர் அறையைப் பார்த்தேன். படுக்கையறை 4.00 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் தாளில் 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஸ்கேல் 38-ஐத் தாண்டிக் கொஞ்சத்தில் நின்றது. ஹாலைப் பார்த்தேன், சமையலறையைப் பார்த்தேன். எல்லாமே நூற்றுக்கு நாலு குறைவு. 5.00 மீட்டரில் நாலு சதவீதம் குறைத்துப் பாருங்கள், 4.80 வரும்.

"ஏலே, நீ சரியாத்தான் அளந்திருக்க. தாளுதான் சுருங்கியிருக்கு" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மழையிலயா டீச்சர்?" என்று கேட்டான். மழையில் காகிதம் நாலு சதவீதம் சுருங்காது, நனைந்தால் நீளத்தான் செய்யும். அதைப் பிறகு சொல்கிறேன்.

தாளின் கீழ் மூலையில் பார்த்தால் என் தம்பி மகன் கடையின் முத்திரை.

மறுநாள் தாளையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மருமகன் முதலில் சிரித்தான். "அத்தை, டூ நாட் ஸ்கேல்னு தாள்லயே எழுதியிருக்கோமே" என்றான். உண்மைதான். எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், நோட்ஸ் என்ற தலைப்பின் கீழ் ஏழாவது வரி. ஸ்கேல் வைத்து அளக்காதே, எழுதிய அளவை மட்டும் பின்பற்று என்று அர்த்தமாம். எழுதாத அளவை எப்படிப் பின்பற்றுவது என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. "சரி, அச்சடிக்கிறதை எனக்கு முதல்லேருந்து செஞ்சு காட்டு" என்றேன்.

கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் ஆட்டோகேடில் ஒரு பிளானைத் திறந்து பிளாட் என்று கொடுத்தான். ஒரு கட்டம் வந்தது. பிரின்டரைத் தேர்ந்தான், தாள் ஏ1 என்று தேர்ந்தான், எந்தப் பகுதி என்பதற்கு மவுஸால் ஒரு பெட்டி இழுத்தான், பிறகு மின்னல் வேகத்தில் ஒரு சிறு கட்டத்தைச் சரி பார்த்தான். "நில்லு, அது என்ன?" "ஃபிட் டு பேப்பர் டீச்சர்." தாளுக்குள் அடக்கு. நம் குற்றவாளி அதுதான்.

எதற்கு அதைத் தொடுகிறாய் என்று கேட்டேன். "இல்லன்னா பார்டர் வெட்டிப் போயிடும் டீச்சர்" என்றான். அவனைத் திட்டவும் முடியவில்லை, ஏனென்றால் அவன் சொன்னதும் உண்மை. இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. பொறுமையாக வாசியுங்கள்.

ஏ1 தாள் 594 மி.மீ. அகலம், 841 மி.மீ. நீளம். ஆனால் பெரும்பாலான அச்சு இயந்திரங்கள் தாளின் விளிம்பு வரை மை போடுவதில்லை. தாளைப் பிடித்து இழுக்க அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும், நம் நோட்டில் மார்ஜின் விடுவது போல. இந்தக் கடையின் பிளாட்டர் முன்னும் பின்னும் 17 மி.மீ., பக்கவாட்டில் 5 மி.மீ. விட்டுவிடுகிறது. ஆக, 841-இல் இரண்டு 17 போக 807 மி.மீ.தான் அச்சாகும். படம் வரைந்தவர்களோ தாளின் அளவுக்கே 841 என்று கட்டம் போட்டிருக்கிறார்கள். 841-ஐ 807-க்குள் அடக்கு என்றால் இயந்திரம் என்ன செய்யும்? எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கும். 807-ஐ 841-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.96 வரும். கொத்தனாரின் நாலு சதவீதம் அங்கே இருக்கிறது. கால்குலேட்டரில் அந்த எண் வந்தபோது மருமகன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

கொடுமை என்னவென்றால், படம் சுருங்கினாலும் ஓரத்தில் இருக்கும் 1:100 என்ற எழுத்து சுருங்கினபடியே 1:100 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும். உண்மையில் அந்தத் தாள் 1:104-க்குப் பக்கத்தில். பையன் ஒவ்வொரு தடவையும் கையால் பெட்டி இழுப்பதால் ஒரு தாள் 96 சதவீதம், இன்னொன்று 95, வேறொன்று 97. ஒரே வீட்டின் கீழ்த்தளமும் மேல்தளமும் இரண்டு விகிதத்தில் போயிருக்கின்றன. பழைய பிரதிகளை எடுத்து நானே அளந்து பார்த்தேன்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். ஏ வரிசைத் தாள்கள் எவ்வளவு அழகான கணக்கு என்பதை நான் வகுப்பில் சொல்லாமலே ஓய்வு பெற்றுவிட்டேன். ஏ0 ஒரு சதுர மீட்டர். அதைக் குறுக்கே பாதியாக மடித்தால் ஏ1, மறுபடி மடித்தால் ஏ2, இப்படியே நாம் தினம் பார்க்கும் ஏ4 வரை. எத்தனை மடிப்பு மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது, ஏனென்றால் அது இரண்டின் வர்க்கமூலம். லிக்டன்பெர்க் என்ற ஜெர்மன் பேராசிரியர் 1786-இலேயே ஒரு கடிதத்தில் இந்த விகிதத்தின் சிறப்பைக் குறிப்பிட்டிருக்கிறார். 1922-இல் ஜெர்மனி அதைத் தரமாக்கியது. ஏ1-இல் 1:100 ஆக இருக்கும் படத்தை ஏ3-இல் அச்சடித்தால் சரியாகப் பாதி, அதாவது 1:200. இவ்வளவு நேர்த்தியாக ஒருவர் யோசித்து வைத்ததை இந்த அடக்கும் பொத்தான் கெடுத்துவிடுகிறது. சரி, கதைக்கு வருவோம்.

படத்தைச் சுருக்கக் கூடாது, பார்டரும் வெட்டக் கூடாது. வேறு வழி? வீட்டில் மருமகளுக்கு ஜாக்கெட் துணி போதவில்லையென்றால் ஆளையா சுருக்குகிறோம்? துணியைக் கூட்டி எடுப்போம். இந்த பிளாட்டரில் போடுவது தனித்தாள் இல்லை, 24 அங்குல ரோல், அதாவது 610 மி.மீ. அகலம். எங்கே வெட்டச் சொல்கிறோமோ அங்கே வெட்டும். ஆக, ஏ1 என்று கேட்காமல் நாமே ஒரு தாளை உண்டாக்கிக் கேட்கலாம். நீளத்தை 880 மி.மீ. என்று வைத்தோம். இரண்டு 17 போக 846. அகலம் 610-இல் இரண்டு 5 போக 600. 841-க்கு 594 படம் ஒரு முடி குறையாமல் உள்ளே உட்காரும். அச்சான பிறகு ஓரத்தைக் கட்டரால் வெட்டிவிடலாம். "பேப்பர் வீணாகும் அத்தை" என்றான் மருமகன். கணக்குப் போட்டேன். 50 மீட்டர் ரோலில் முன்பு 59 தாள் வரும், இனி 56. மூன்று தாள் நட்டம். இரண்டு ஃபுட்டிங் உடைத்த செலவுக்கு எத்தனை ரோல் வாங்கலாம் என்று கேட்டேன். பதில் இல்லை.

சொல்வது சுலபம், அந்தத் தாளைக் கம்ப்யூட்டருக்குள் உண்டாக்க எங்களுக்கு மூன்று மாலை போயிற்று. ஆட்டோகேடில் பிளாட்டர் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் பிசி3 என்று ஒரு கோப்பு. அதைத் திறந்தால் சொந்தத் தாள் அளவு சேர்க்க ஓர் இடம். அங்கே சேர்க்கப் போனால் எங்களுக்கு அனுமதிக்கவில்லை. பையன்கள் இன்டர்நெட்டில் தேடி, மருமகன் யாருக்கோ போன் போட்டு, கடைசியில் காரணம் தெரிந்தது. பிளாட்டர் ஆட்டோகேடின் சொந்த டிரைவர் வழியாகப் போனால் அங்கேயே தாள் உண்டாக்கலாம். விண்டோஸின் டிரைவர் வழியாகப் போனால் தாளை விண்டோஸில்தான் உண்டாக்க வேண்டும். எங்களுடையது இரண்டாவது ரகம். விண்டோஸில் பிரின்ட் சர்வர் பிராப்பர்டீஸ் என்ற இடத்தில் புதிய ஃபார்ம் என்பதை டிக் செய்து, பெயர் கொடுத்து, 610-க்கு 880 என்று போட்டுச் சேமித்து, ஆட்டோகேடை மூடித் திறந்தோம். தாள் பட்டியலில் எங்கள் தாள் வந்து நின்றது. அட்மிஷன் போட்ட பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறியது போல அத்தனை சந்தோஷம். தாளின் பெயரில் இடைவெளி விடாதே என்று பையனிடம் சொல்லி வைத்தேன். அது பின்னால் உதவியது.

அடுத்தது விகிதம். பையன்கள் வரைந்த இடத்திலிருந்தே நேராகப் பெட்டி இழுத்து அச்சடித்து வந்தார்கள். லேஅவுட் என்று தனியாக ஒரு பக்கம் உண்டு. அது தாளின் நகல். அதில் ஒரு ஜன்னல் திறந்து வீட்டைக் காட்டி, அந்த ஜன்னலுக்கு விகிதம் கொடுத்துப் பூட்டிவிட்டால், பிறகு தாளை ஒன்றுக்கு ஒன்று என்று அச்சடிக்கலாம். எங்கள் படங்கள் மீட்டரில் வரைந்தவை. 1:100-இல் ஒரு மீட்டர் தாளில் 10 மில்லிமீட்டர். ஆக, ஜன்னலுக்குப் பத்து மடங்கு. இதைக் கண்டுபிடிக்க ஆறாம் வகுப்பு ஓரலகு முறை போதுமாக இருந்தது. மருமகனுக்கே இது தெரியும், ஆனால் அவசரத்தில் யாரும் செய்வதில்லை. அவசரம்தானே எல்லாக் கடையிலும் முதலாளி.

அதனால்தான் நான் ஒரு நிபந்தனை போட்டேன். இனி அச்சடிக்கும்போது யாரும் எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. அளவை ஒரு தடவை யோசித்து முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டும், இயந்திரம் அதை வாசித்துச் செய்ய வேண்டும். அதற்கு வழி உண்டா என்று கேட்டேன். உண்டு அத்தை, ஸ்கிரிப்ட் எழுதலாம் என்றான். காலேஜில் படித்ததாம், மறந்தே போயிருந்தான்.

ஸ்கிரிப்ட் என்பது நோட்பேடில் எழுதும் சாதாரணக் கோப்புதான். படத்தைத் திற, அச்சடி, சேமிக்காமல் மூடு, அடுத்த படத்தைத் திற என்று வரிசையாக எழுதி வைப்பது. பிளாட் என்ற கட்டளைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் அந்தக் கட்டம் வராது. அதற்குப் பதிலாக ஆட்டோகேட் வரிசையாகக் கேள்வி கேட்கும். எந்த லேஅவுட்? எந்த இயந்திரம்? எந்தத் தாள்? அங்குலமா, மில்லிமீட்டரா? நெட்டா, கிடையா? என்ன விகிதம்? கோட்டுத் தடிமன் அட்டவணை எது? இப்படிப் பதினைந்துக்கு மேல் கேள்விகள். பதில்களை அதே வரிசையில், வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். விகிதம் என்ற கேள்விக்கு நாங்கள் எழுதிய பதில் 1=1. அடக்கு என்ற சொல்லுக்கு அங்கே இனி இடமில்லை.

முதல் கம்ப்யூட்டரில் எட்டுத் தாளும் தானாக ஓடி வந்து விழுந்தன. கை தட்டினோம். இரண்டாவது கம்ப்யூட்டரில் அதே ஸ்கிரிப்டைப் போட்டால் ஒரு தாளும் வரவில்லை, திரையில் என்னென்னவோ ஓடுகிறது. பையன் ஸ்கிரிப்டே தப்பு என்றான். நான் மெதுவாக மேலே தள்ளி வாசிக்கச் சொன்னேன். எந்தத் தாள் என்ற கேள்விக்கு எங்கள் பதில் போயிருக்கிறது; அப்படி ஒரு தாளே இல்லை என்று அது சொல்லியிருக்கிறது; சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டிருக்கிறது. ஸ்கிரிப்டுக்கு அது தெரியுமா? அடுத்த வரியில் இருந்த மில்லிமீட்டர் என்ற பதிலைத் தாளின் பெயராகக் கொடுத்திருக்கிறது. பிறகு கிடை என்பதை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோடிட்ட இடம் நிரப்புவதில் மூன்றாவதை விட்டுவிட்டு, நாலாவதன் விடையை மூன்றிலும் ஐந்தாவதன் விடையை நாலிலும் எழுதி வைக்கும் பிள்ளைகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! எல்லா விடையும் தெரியும், ஒன்றுக்கும் மதிப்பெண் இல்லை. காரணம் சின்னது: புதிய ஃபார்மை முதல் கம்ப்யூட்டரில் மட்டும் உண்டாக்கியிருந்தோம். அதை இரண்டாவதிலும் உண்டாக்கினோம், பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல். சரியாயிற்று. வெற்று வரி ஒன்று அதிகமாக இருந்தாலும் ஸ்கிரிப்ட் அதையும் ஒரு பதிலாகக் கொடுத்துவிடும் என்பதை மறுநாள் தெரிந்துகொண்டோம்.

இதெல்லாம் முடிந்து, 500 மி.மீ. கோடு ஒன்றைத் தாளின் நீளவாக்கில் அச்சடித்து அளந்தேன். 499 இருந்தது. ரோல் இழுபடும் திசையில் கொஞ்சம் முன்பின் ஆகும் போலும். இதைத் திருத்தவும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒரு செவ்வகத்தை அச்சடித்து, அளந்து, உண்மையான அளவைச் சொன்னால், திருத்தத்தை பிஎம்பி என்ற துணைக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். பிசி3 கோப்பை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் இந்த பிஎம்பியையும் கூடவே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் திருத்தம் இங்கேயே தங்கிவிடும். செய்தோம், 500 வந்தது. ஒரு வாரம் நல்ல சாரல். அதே தாளை மறுபடி எடுத்து அளந்தால் அரை மில்லிமீட்டர் கூடியிருக்கிறது! காகிதம் ஈரத்தைக் குடித்து நீண்டிருக்கிறது. மருமகன் மறுபடி திருத்தலாமா என்றான். வேண்டாம், தென்காசிச் சாரலை யாரும் திருத்த முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நான் சொல்ல வேண்டிய விஷயம்.

கொத்தனாருக்கு நான் கற்றுக் கொடுத்த பாடத்தில் பாதிதான் இருந்தது. தேசப்படத்தில் அளவுத்திட்டம் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று எண், அல்லது ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வாக்கியம். இன்னொன்று, கீழே சின்னச் சின்னக் கட்டமாகப் போட்டிருக்கும் கோடு. அந்தக் கோட்டை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோனேன். உங்களையும் கடக்க வைத்தேன். படம் சுருங்கினால் கோடும் கூடவே சுருங்கும், ஆகவே அது பொய் சொல்லாது. எண் அப்படியே நின்று பொய் சொல்லும். முதலில் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பார், பிறகு படத்தின் மேல் வை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

இதை யோசித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது வேறொன்று ஞாபகம் வந்தது, அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. ஒரு காலாண்டுத் தேர்வு. கணக்குத் தாளில் ஒரு முக்கோணம் அச்சடித்து, பக்கங்களை அளந்து எழுதுக, கோணங்களை அளந்து எழுதுக என்று கேட்டிருந்தேன். வினாத்தாள் ஜெராக்ஸ் எடுத்து வந்தது. ஒரு பெண் பிள்ளை பக்கம் 4.7 செ.மீ. என்று எழுதியிருந்தாள். என் விடைக் குறிப்பில் 5. சிவப்பு மையால் அடித்தேன். கோணங்கள் மூன்றும் சரி. "டீச்சர், மறுபடி அளந்து பாருங்க" என்று அவள் தாளை நீட்டினாள். நான் என் மூலப்படத்தை எடுத்து அளந்து காட்டி, கண்ணை நன்றாகத் திறந்து பார் என்று வகுப்பு முன்னால் சொன்னேன். அவள் தாளை நான் அளக்கவேயில்லை. ஜெராக்ஸ் சுருக்கினால் நீளம் மாறும், கோணம் மாறாது. அவள் கோணங்கள் சரியாக இருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அம்மா, நீ இதை வாசித்தால் உன் விடை சரி. நான்தான் தப்பாகத் திருத்தினேன். மன்னித்துக்கொள். இரண்டு மதிப்பெண்ணை இனி எங்கே போய்ச் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

கடையில் இப்போது எல்லாத் தாளிலும் இரண்டு கோடு போடுகிறார்கள், ஒன்று கிடையாக, ஒன்று நெட்டாக, ஒவ்வொன்றும் 100 மி.மீ. ஒன்று மட்டும் போதாது, ஒரு பக்கம் மட்டும் நீண்டாலும் தெரிய வேண்டும். பக்கத்தில் தமிழில், பெரிய எழுத்தில்: "இந்தக் கோடு 100 மி.மீ. இல்லையென்றால் இந்தத் தாளை அளக்காதீர்கள். எழுதாத அளவைக் கேட்டு வாங்குங்கள்." முதலில் தமிழ் எழுத்து வராமல் வரிசையாகக் கேள்விக்குறியாக வந்தது. ஆட்டோகேடின் பழைய கோட்டு எழுத்துருவில் தமிழ் கிடையாது. விண்டோஸில் இருக்கும் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினதும் வந்துவிட்டது.

பண விஷயம். 22,000-மும் கடைதான் கொடுக்க வேண்டும் என்பது என் தீர்ப்பு. மருமகன் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு ஆளாளுக்கு வருவார்கள் என்று பயம், என் தம்பிக்கும் என் மேல் வருத்தம். மூன்றாம் நாள் அவனே கொத்தனார் வீட்டுக்குப் போய்க் கம்பி, சிமென்ட், ஜல்லிக்கான 14,000-ஐக் கொடுத்தான். மீதி 8,000 கூலிக் காசு. அதைக் கொடுக்க வந்தபோது கொத்தனார் வாங்கவில்லையாம். "எழுதாத அளவை நான் போன் போட்டுக் கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டான். எனக்கு அதில் சம்மதமில்லை. கேட்க வேண்டிய நிலையில் அவனை வைத்ததே கடைதானே? ஆனால் இருவரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள், நான் வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் மட்டும் மருமகனை நேரில் போய்ச் சொல்ல வைத்தேன், கொத்தனார் அளந்தது சரி, எங்கள் தாள்தான் தப்பு என்று. பத்துப் பேர் முன்னால் சொன்ன பழியை ஒருவர் முன்னால் மட்டும் நீக்கியிருக்கிறோம், அது ஒரு குறைதான்.

போன வாரம் கொத்தனார் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். புது சைட்டில், மணல் மேல் விரித்த தாள், வேறொரு கடையின் பிளான். அதிலும் ஸ்கேல் வைத்திருக்கிறான். கோடு எதுவும் இல்லாததால் எழுதியிருந்த ஓர் அறையை அளந்து பார்த்திருக்கிறான். "டீச்சர், இது 97" என்று கீழே எழுதியிருந்தான்.

மருமகன் கடைக்கு அடுத்த மாதம் பெரிய பிளாட்டர் வருகிறது, 36 அங்குல ரோல், 914 மி.மீ. அதில் ஏ0 அடிக்க வேண்டுமாம், 841-க்கு 1189. மார்ஜின் பழையபடியே முன்பின் 17, பக்கத்தில் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:1-இல் முழுதும் அச்சாக, புதிய தாளின் நீளம் குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும்? 50 மீட்டர் ரோலில் எத்தனை தாள் வரும்? விடையை எழுதுங்கள். செய்முறையும் வேண்டும். வெறும் விடைக்கு அரை மதிப்பெண்தான்.